மூஸ் ஏரியின் பழைய ஆட்கள்

ஏரிக்கரைத் துறைகளில் தண்ணீருக்குள் சரிந்திறங்கும் பாறைகளைக் குனிந்து பார்த்தால் மெல்லிய வெள்ளிக் கோடுகள் தெரியும். அலுமினியக் கனூக்கள் உரசிய தடங்கள் அவை. இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயத்தில், போர் விமானம் கட்டிக்கொண்டிருந்த க்ரம்மன் நிறுவனம் அதே அலுமினியத்தில் கனூ செய்யத் தொடங்கியது. 17 அடி நீளம், சுமார் 34 கிலோ எடை, பாறையில் மோதினாலும் நசுங்குமே தவிர உடையாது. மினசோட்டா மாநிலத்தின் வட எல்லையில், கனடாவை ஒட்டிக் கிடக்கும் ஏரிக்காட்டுக்குள் எத்தனையோ பிள்ளைகளைச் சுமந்து போனவை இந்தப் படகுகள். என்னோடு வந்திருந்த பெரியவருக்கு எண்பதை ஒட்டிய வயது. ஒரு கோட்டைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "இதில் ஒன்றிரண்டு என் பையன்கள் போட்டதாக இருக்கும்" என்றார்.

1960-களில் சாரணர்களின் கனூ முகாமில் வழிகாட்டியாக இருந்தவர் அவர். மினியாப்பொலிஸில் என் அடுத்த வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற ஆசிரியை, 1980-ஐ ஒட்டிய கோடைகளில் ஒய்.எம்.சி.ஏ. முகாம் ஒன்றில் அதே வேலை பார்த்தவர். ஆகஸ்ட் கடைசியில் இவர்களும் இன்னும் இரண்டு மூன்று பேரும் சேர்ந்து பழைய தடத்தில் போய்வருவது வழக்கம். இந்த முறை ஒரு துடுப்புக்கு ஆள் குறைந்தது. ஆசிரியை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நீங்கள் வருகிறீர்களா?" என்று கேட்டார். கிளம்பிவிட்டேன்.

மினியாப்பொலிஸிலிருந்து ஈலி சுமார் 400 கிலோமீட்டர். ஒரு காலத்தில் இரும்புச் சுரங்க ஊர். கடைசிச் சுரங்கம் 1967-ல் மூடப்பட்டது. இன்று கடைத்தெருவில் கனூ வாடகைக்கு விடுகிறவர்களும், வரைபடமும் தூண்டிலும் விற்கிறவர்களும்தான் அதிகம். அங்கிருந்து ஃபெர்ன்பெர்க் சாலையில் கிழக்கே அரை மணி நேரம் போனால் மூஸ் ஏரி. 1923-ல் தொடங்கிய சாரணர் முகாம் அதன் கரையில் இருக்கிறது. செயின்ட் பால் நகரத்து சார்ல்ஸ் சாமர்ஸின் பெயரைத் தாங்கிய முகாம் என்பதால் அதன் வழிகாட்டிகளை 'சார்லி கைடு' என்று கூப்பிடுவார்கள். ஃபின்லாந்து வழி வந்த தச்சர்கள் 1940-களின் தொடக்கத்தில் முழு மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய பெரிய கூடம் இன்றும் நிற்கிறது. காட்டிலிருந்து திரும்பும் குழுவைப் பார்த்து இங்கே 'ஹோல்-ரை!' என்று கத்துவார்கள். 'ரெட் ஐ!' என்று பதில் வரும். முன்னது பழைய வழிகாட்டிகள் கட்டிக்கொண்டு போன, ரை என்ற தானியத்தில் செய்த ஒரு வறட்டு பிஸ்கட்டின் பெயர், பின்னது சிவப்புப் பொடியைக் கரைத்துக் குடித்த பானம். படகுத்துறையில் இறங்கியதும் பெரியவர் ஏரியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். கொட்டகை ஒன்றுக்குள்ளிருந்து, முகம் தெரியாத ஏதோ ஓர் இளங்குரல் உடனே பதில் சொன்னது. அப்போது பெரியவரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் காட்டுக்கு பவுண்டரி வாட்டர்ஸ் என்று பெயர். பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். பனியாறுகள் பாறையைக் குடைந்துவிட்டுப் போன பள்ளங்கள்தான் இன்று ஏரிகளாகியிருக்கின்றன. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் நிலத்தில் படகையும் மூட்டையையும் தோளில் ஏற்றிக்கொண்டு நடக்க வேண்டும். அந்தப் பாதைதான் போர்ட்டேஜ். வரைபடத்தில் அதன் நீளம் கிலோமீட்டரிலோ மைலிலோ இருக்காது, 'ராட்' என்ற பழைய அளவில் இருக்கும். ஒரு ராட் பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு கனூவின் நீளம். 320 ராட் சேர்ந்தால் ஒரு மைல். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது, நாலு படகுக்கு மேல் கூடாது. டப்பாவும் கண்ணாடிப் பாட்டிலும் 1971-லிருந்து தடை. மூஸ், நியூஃபவுண்ட், சக்கர் என்று முதலில் வரும் மூன்று ஏரிகளில் 25 குதிரைத்திறன் வரை மோட்டார் போகலாம். இழுவைப் படகுக்காரர்கள் காசு வாங்கிக்கொண்டு நம்மையும் நம் கனூவையும் எல்லை வரை கொண்டுபோய் விடுவார்கள். நாங்கள் துடுப்புப் போட்டுத்தான் போனோம். அதைப் பற்றி யாரும் பேசி முடிவெடுக்கவில்லை. படகை இறக்கினார்கள், ஏறினார்கள்.

எங்களுடையவை கெவ்லார் என்ற செயற்கை இழையில் செய்த படகுகள். இருபது கிலோதான். ஆசிரியைக்கு அவற்றின்மேல் பெரிய மதிப்பில்லை. பர்ன்ட்சைட் ஏரிக்கரையில் இருக்கும் அவருடைய பழைய முகாம் விஜிவாகன், 1929-ல் தொடங்கியது. அங்கே மரச்சட்டத்தில் கேன்வாஸ் போர்த்திய கனூக்களைத்தான் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். அவற்றில் பல, ஈலியில் தன் வீட்டுக் கொட்டகையில் வாழ்நாள் முழுக்கக் கனூ கட்டிக்கொண்டிருந்த ஜோ செலிகாவின் கையால் ஆனவை. அவர் 2005-ல் காலமானார். கேன்வாஸ் படகு பாறையைத் தொடக்கூடாது. கரை வந்ததும் தொடையளவு தண்ணீரில் இறங்கி, படகு மிதந்துகொண்டிருக்கும்போதே மூட்டையை இறக்கி, மிதந்துகொண்டிருக்கும்போதே தோளுக்கு ஏற்ற வேண்டும். மே மாதக் கடைசியில் இங்கே தண்ணீர் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், சில வாரங்களுக்கு முன்புதான் பனிக்கட்டி உருகியிருக்கும். நாள் முழுக்க பூட்ஸ் ஈரம்தான். பதினான்கு வயதுப் பெண்ணிடம் உடையக்கூடிய ஒரு பொருளைக் கொடுத்து, 'இது உன் பொறுப்பு' என்று சொல்லும் முறை இது. இரும்புபோல் உழைக்கும் படகை எப்படி வேண்டுமானாலும் இழுக்கலாம். இதை அப்படி இழுக்க முடியாது. அந்த முகாம்காரர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

ஒற்றை ஆளாகக் கனூவைத் தூக்குவதற்குப் பலத்தைவிட முறைதான் வேண்டும். படகின் நடுவே குறுக்காக ஒரு நுகம் இருக்கும். கழுத்துக்கு வளைவு வெட்டி, இரு தோளுக்கும் மெத்தை வைத்திருப்பார்கள். முதலில் படகைச் சாய்த்துத் தொடைமேல் ஏற்ற வேண்டும். ஒரு கை நுகத்தில், மறு கை எதிர் விளிம்பில். முழங்காலால் ஓர் உந்து, இடுப்பில் ஒரு திருப்பு. படகு தலைக்கு மேல் கவிழ்ந்து தோளில் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு கண்ணுக்குத் தெரிவது காலடியில் கொஞ்சம் பாதையும் தன் பூட்ஸும்தான். வேர், சேறு, உருட்டுப் பாறை. படகுக்குள் மாட்டிக்கொண்ட கொசுக்களின் சத்தம் காதருகே சுற்றிச் சுற்றி வரும். இரண்டு கையும் விளிம்பில் இருப்பதால் அடிக்க முடியாது. முன்முனை மரக்கிளையில் இடித்தால் அந்த அதிர்வு முதுகெலும்பு வரை இறங்கும்.

ஆசிரியை சொன்ன கதை அந்தப் பாதைகளில் ஒன்றைப் பற்றியது. குழுவிலேயே சின்னப் பெண் ஒருத்தி, நீண்ட போர்ட்டேஜ் ஒன்றில் தானே கனூவை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாளாம். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நிறுத்தினாள். இரண்டு மரங்களுக்கு நடுவே கிளை இடுக்கில் முனையைச் சாய்த்து வைத்து மூச்சு வாங்கினாள். பாதியில் அழுதாள். ஆசிரியை, அப்போது அவருக்கு இருபது வயது, மூட்டையைச் சுமந்துகொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தார். "கை தானாகப் படகின் பின்முனைக்குப் போகும். அதைப் பிடித்துக்கொண்டால் அவளுக்கு ஐந்தாறு கிலோ குறையும். மூட்டையின் வார்ப்பட்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தேன்" என்றார். "நான் தூக்கிக் கொடுத்திருந்தால் அந்தப் பாதை சீக்கிரம் முடிந்திருக்கும். அடுத்த பாதையிலும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பாள்." கரைக்கு வந்ததும் அந்தப் பெண் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் சிறிது நேரம் நின்றாள். பிறகு யாரும் சொல்லாமலேயே மிச்சமிருந்த மூட்டையை எடுக்க வந்த வழியே திரும்பிப் போனாள். ஆசிரியை முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவர். அன்று பின்னால் நடந்ததைவிடக் கடினமான வகுப்பு தனக்கு அமையவில்லை என்றார்.

நான்காமவர் வழிகாட்டியாக இருந்தவர் அல்ல. முகாமின் மூட்டை கட்டும் கொட்டகையில் இருந்தவர். பத்து நாள் பயணத்துக்கு ஒன்பது வாய்க்கு எவ்வளவு ஓட்ஸ், எவ்வளவு மாவு, எவ்வளவு சர்க்கரை என்று அளந்து, துணிப்பைகளில் கட்டி, உணவு மூட்டைகளில் கடைசி நாள் சாப்பாடு அடியிலும் முதல் நாள் சாப்பாடு மேலேயும் வரும்படி அடுக்குவது அவர் வேலை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். கேட்கக் கேட்க எனக்கும் அலுக்கவில்லை. காட்டுக்குள் ஏதாவது குறைந்தால் கடை கிடையாது. மறந்துபோன ஒரு பொட்டலம் உப்பு ஒன்பது பேரின் பத்து நாள். இப்போதும் எங்கள் மூட்டையை அவர்தான் கட்டினார். இரவில் கரடிக்கு எட்டாமல் அதைக் கயிற்றில் ஏற்றி மரத்தில் தொங்கவிடுகிறவரும் அவரே.

பர்ச் ஏரி, கார்ப் ஏரி வழியாக எல்லையை ஒட்டியே போய், நைஃப் ஏரியில் இறங்கினோம். அங்கேதான் ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. முதல் நாளிலிருந்தே பெரியவரும் மூட்டைக்காரரும் ஓர் இடத்தைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். சரிவான பாறை, தண்ணீரை நோக்கி ஒரு படிபோன்ற விளிம்பு, பின்னால் சாய்ந்த வெள்ளைப் பைன் மரம். தென்கரையில் என்று ஒருவர், தீவில் என்று மற்றவர். என் ஊரில் இப்படி ஒரு வாக்குவாதம் வந்தால் அது வாயோடு முடியும். குளம் பேருந்து நிலையமாகியிருக்கும், தோப்பு மனையாகியிருக்கும். இங்கே நேராகப் போய்ப் பார்த்தார்கள். தென்கரைதான். பாறை இருந்தது, படி இருந்தது. வனத்துறை வைத்த இரும்பு அடுப்புச் சட்டம் அதே மூலையில் இருந்தது. மரம் மட்டும் இல்லை. 1999 ஜூலை 4-ஆம் தேதி வீசிய சூறைக்காற்று இந்தக் காட்டில் மூன்று லட்சம் ஏக்கருக்கும் மேல் மரங்களைச் சாய்த்தது. சுமார் 60 பேருக்குக் காயம். பைன் அன்று விழுந்திருக்க வேண்டும் என்றார் பெரியவர். அது கிடந்த இடத்தில் இளம் மரங்கள் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன.

அறுபது வருடத்துக்கு முந்தைய ஒரு நினைவை எடுத்துக்கொண்டு வந்து நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய பாக்கியம்! இவர்கள் பழசைப் பேசுவதில் ஏக்கம் குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேலை செய்த இடம் தொலைந்துபோனவர்கள் அதைப் பெரிதாக்கிப் பேசுவார்கள். இவர்கள் ஒருவரையொருவர் திருத்திக்கொள்கிறார்கள்.

ஆனால் இடம் தானாக அப்படியே இருந்துவிடவில்லை. 1949 டிசம்பரில் ஜனாதிபதி ட்ரூமன் இந்தக் காட்டுக்கு மேலே விமானங்கள் தாழப் பறப்பதைத் தடைசெய்தார். 1964-ல் வனப்பாதுகாப்புச் சட்டம், 1978-ல் இந்தக் காட்டுக்கென்றே தனிச் சட்டம். ஏரிக்கரைகளில் இருந்த விடுதிகளையும் குடில்களையும் அரசு விலைக்கு வாங்கி அகற்றியது. அதில் பிழைப்பை இழந்தவர்கள் ஈலியில் உண்டு. 1977-ல் அங்கே நடந்த பொது விசாரணையின்போது, காட்டுக்காக வாதாடிய எழுத்தாளர் சிகுர்ட் ஓல்சனின் உருவப்பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அவர் அந்த ஊர்க்காரர். அதே தெருக்களில் வாழ்ந்தவர். காட்டைப் பற்றிய அவருடைய புத்தகங்களை முகாம் வழிகாட்டிகள் மூட்டையில் வைத்துக்கொண்டு அலைந்தார்கள். பிழைப்பை இழந்தவர்களின் கோபத்தையும் நான் மதிக்கிறேன். ஓல்சன் பக்கம் நியாயம் இருந்தது என்றும் நினைக்கிறேன்.

நைஃப் ஏரியின் மேற்கு முனையில் ஐல் ஆஃப் பைன்ஸ் என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. சிகாகோவில் நர்சிங் படித்த டாரதி மோல்டர் 1930-ல் முதன்முதலாக இங்கே வந்தார். பிறகு இங்கேயே தங்கிவிட்டார். குளிர்காலத்தில் ஏரியில் வெட்டி எடுத்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்து, கோடையில் வருகிற படகுக்காரர்களுக்குத் தன் கையால் தயாரித்த ரூட் பீர் கொடுப்பார். அதில் போதை கிடையாது, நம்மூர் நன்னாரி சர்பத்துக்குப் பக்கத்துச் சுவை. ஒரு கோடையில் ஆயிரக்கணக்கானவர்கள் வருவார்கள். முகாம் பிள்ளைகளுக்கு அந்தத் தீவு ஒரு திருவிழா. உடைந்த துடுப்பை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவற்றை நட்டு வேலியே கட்டியிருந்தார். சட்டம் எல்லோரையும் வெளியேற்றியபோது, மக்கள் எழுப்பிய குரலால் அவருக்கும் இன்னொருவருக்கும் மட்டும் வாழ்நாள் வரை இருக்க அனுமதி கிடைத்தது. 1986 டிசம்பரில் அவர் இறந்தார். அவருடைய மரக்குடில்களைத் தொண்டர்கள் பிரித்து, உறைந்த ஏரியின்மேல் நாய்வண்டியிலும் பனிவண்டியிலும் ஈலிக்குக் கொண்டுவந்து மறுபடி எழுப்பினார்கள். இப்போது அது அருங்காட்சியகம். தீவில் கட்டடம் எதுவும் இல்லை. பெரியவர் அங்கே இறங்கி, அந்த அம்மா எங்கே நின்று புட்டிகளை எடுத்துக் கொடுப்பார் என்று எங்களுக்குக் காட்டினார்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் இங்கே இருந்தவர்கள் ஓஜிப்வே மக்கள். போர்ட்டேஜ் பாதைகளும் கனூவும் அவர்களுடைய அறிவு. ஹெக்மன் ஏரியின் செங்குத்துப் பாறையில் சிவப்புக் காவியால் தீட்டிய மனித உருவமும் மூஸ் மானும் இன்றும் அழியாமல் இருக்கின்றன. எல்லைக்கு வடக்கே கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1913-ல் க்வெட்டிக்கோ பூங்காவை அமைத்தது. 1915-ல் அதற்குள் வாழ்ந்த ஓஜிப்வே மக்களின் ஒதுக்கீட்டு நிலம் ரத்தாகி, அவர்கள் விரட்டப்பட்டார்கள். 1991-ல்தான் ஒன்டாரியோ அரசு மன்னிப்புக் கேட்டது. இதை எனக்குச் சொன்னவர் எங்களில் இளையவர். சில வருடங்களுக்கு முன்புவரை வழிகாட்டியாக இருந்தவர், இப்போது மருத்துவமனையில் செவிலியர். 'ஆளில்லாக் காடு' என்று பிள்ளைகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்றார். பெரியவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "என் காலத்தில் எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்" என்றார்.

இளையவரின் காலத்தில் வழிகாட்டிகள் செயற்கைக்கோள் கருவி எடுத்துப் போனார்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் உதவி கேட்கலாம். பெரியவரின் காலத்தில் அப்படி இல்லை. ஒரு பையனுக்கு நள்ளிரவில் வயிற்று வலி. குடல்வால்தான் என்று அவருக்குச் சந்தேகம். பத்தொன்பது வயதில், துணை வழிகாட்டியிடம் குழுவை விட்டுவிட்டு, துடுப்பில் பலசாலியான ஒருவனை முன்னால் உட்காரவைத்து, வனக்காவலர் நிலையத்தில் இருக்கும் ரேடியோவைத் தேடி இரவோடிரவாகப் படகு வலித்துப் போனார். மிதவை விமானம் வந்து பையனைக் கொண்டுபோனது. பிழைத்துவிட்டான். அந்தக் கருவி அன்று இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவரே சொன்னார். இளையவரோ கருவி இருந்தாலும் முடிவு நம்முடையதுதான் என்றார். காற்று எழும்பும் ஏரியைக் கடப்பதா, நிற்பதா? அழுகிற பிள்ளையை நடக்கச் சொல்வதா, தூக்கிக்கொள்வதா? அதைக் கேட்டுச் சொல்ல எந்தப் பொத்தானும் கிடையாது. நம் ஊரில் பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் வண்டிச் சாவி கொடுக்கவே யோசிக்கிறோம். இங்கே எட்டு உயிர்களைக் கொடுத்தனுப்புகிறார்கள். நான்கு பேரும் இன்று வரை பேசிக்கொண்டிருப்பது அந்த நம்பிக்கையைப் பற்றித்தான்.

திரும்பும் வழியில் பர்ச் ஏரிக் கரைக்கு வந்தபோது மதியம். மேற்கிலிருந்து காற்று. அலைகளின் தலையில் வெள்ளை தெரிந்தது. துறையில் எங்களுக்கு முன்பே ஒரு குழு இருந்தது. ஆறேழு பெண் பிள்ளைகளும் வழிகாட்டியும், எண்ணிப் பார்த்தால் எட்டு பேர். ஒன்பது பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக்கூடாது என்பது கரைக்கும் பொருந்தும். அதனால் நாங்கள் நால்வரும் பாதையிலேயே தள்ளி நின்றுகொள்ள, பெரியவர் மட்டும் ஒன்பதாவது ஆளாக இறங்கிப் போனார்.

வழிகாட்டிப் பெண்ணுக்கு இருபதுகூட இருக்காது. பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தான் யார் என்று சொன்னார். அவள் எழுந்து நின்றாள். வடகரையை ஒட்டிப் போனால் காற்று அவ்வளவு தெரியாது, 1842 ஒப்பந்தப்படி எல்லை ஏரிகளில் இரு நாட்டுப் படகும் தாராளமாகப் போகலாம், தாங்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் போவோம் என்றார். அவள் முழுதும் கேட்டாள். பிறகு ஏரியைக் கைகாட்டி, "அந்த முனைக்கு அப்பால் கரை திரும்புகிறது, சார். அங்கே அலை பக்கவாட்டில் அடிக்கும். என் பிள்ளைகளில் இரண்டு பேர் நேற்றுத்தான் பின்னால் உட்கார்ந்து திருப்பக் கற்றுக்கொண்டார்கள். சாயங்காலம் காற்று இறங்கும் வரை நாங்கள் நகர மாட்டோம்" என்றாள்.

"மாவு இருக்கிறதா?" என்று கேட்டார் அவர்.

"வியாழன் வரை இருக்கிறது."

அவர் தலையாட்டிவிட்டு மேலே ஏறி வந்தார். அவள் சொல்வது சரி என்றார். மூட்டைக்காரர் அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டார். ஆறு மணிக்கு மேல் காற்று இறங்கியதும் முதலில் அந்தப் பிள்ளைகள் கிளம்பினார்கள். அவர்களுக்கு வழி விட்டுவிட்டு நாங்களும் படகை இறக்கினோம்.